இரத்தத்தில் திரியும் புற்றணுக்கள்

(மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



"இரத்தத்தைச் சோதித்தே புற்றுநோயைக் கண்டுவிடலாமாமே! இனி மற்றச் சோதனைகள் எதற்கு?" என்று நம் கிராமங்களில் சிலர் கேட்கின்றனர். இக்கேள்வியை நாம் சற்று ஆராய்வோம்.

புற்றுக் கட்டியிலிருந்து சில அணுக்கள் கழன்று, இரத்தத்தில் கலந்து, வேறு உறுப்புகளில் குடியேறுவதுண்டு. 1869-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வர்த் என்னும் மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் இரத்தத்தில் இத்தகைய அணுக்களைக் கண்டார். ஆயினும் அவற்றைப் பிரித்தெடுத்தல் அரிதாகவே இருந்தது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 500 கோடி, வெள்ளணுக்கள் லட்சக்கணக்கில். அவற்றிடையே புற்றணு ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம்.

நெல்லையும் பதரையும் நாம் காற்றில் தூற்றிப் பிரிக்கிறோம். விஞ்ஞானிகளோ காந்தத்தை நாடினர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு நானோமீட்டர். அந்த அளவையால் அளக்கத்தக்க நுண்ணிய இரும்புத் துகள்களின்மீது எதிர்ப்பொருளைப் பூசுவர். அது பல புற்றணுக்களின் மேற்பரப்பிலுள்ள எப்கேம் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். இரத்த அணுக்களில் அப்புரதம் இல்லை. பின்னர்க் காந்தத்தைக் காட்டினால், துகள் ஒட்டிய அணுக்கள் ஒதுங்கி நிற்கும். இம்முறையில் 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தைச் சோதிக்கும் செல்சர்ச் என்னும் கருவிக்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடலில் பரவிய மார்பகப் புற்றுநோயில் இவ்வளவு இரத்தத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட அணுக்கள் தென்பட்டால், நோய் கடுமையானது என்று மருத்துவர் கொள்வர்.

மற்றொரு வழி நுண்கால்வாய். 2007-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், எதிர்ப்பொருள் பூசிய 78,000 நுண்தூண்கள் கொண்ட சிறு சில்லை அமைத்து, அதனூடே இரத்தத்தைப் பாய்ச்சினர். புற்றணுக்கள் தூண்களில் ஒட்டிக்கொண்டன. ஆனால் எப்கேமை இழந்த புற்றணுக்கள் இவ்வலைகளில் சிக்குவதில்லை. ஆகவே 2013-இல் கால்வாயையும் காந்தத்தையும் இணைத்தனர். முதலில் சிவப்பணுக்களை அளவால் பிரித்தனர். பின்னர் வெள்ளணுக்களின்மீது காந்தத் துகள்களை ஒட்டவைத்து விலக்கினர். களையை நீக்கினால் பயிர் எஞ்சுவதுபோல, எஞ்சியவற்றில் புற்றணுக்கள் கிடைத்தன.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. தொடக்க நிலையிலுள்ள கட்டி மிகச் சில அணுக்களையே இரத்தத்தில் விடும். இரத்தத்தில் அணு அகப்படவில்லை என்பதால் நோயில்லை என்று கொள்ள இயலாது. செல்சர்ச் போன்ற கருவி, நோய் உறுதியானோரின் நிலையை அறியவே பயன்படுகிறது. நோயுண்டா என்று முதலில் கண்டறிவதற்கு அன்று.

புதிய சோதனை வரட்டும் என்று காத்திருக்கும் மாதங்களில் நோய் காத்திராது. முப்பது வயது நிறைந்த சகோதரிகள், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, கருப்பை வாய், மார்பகம், வாய் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்வார்களாக. ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர் பட்டியலை எடுத்து, இன்னும் சோதனை செய்துகொள்ளாதோரை அடையாளம் கண்டு, துணையாக உடன் அழைத்துச் செல்ல வேண்டுகிறோம். நாணமும் அச்சமும் இப்பணிக்குத் தடையாகா திருக்கட்டும்.