ஹலால் சான்று: முத்திரை மட்டும் போதுமா?

(சிறு உணவுத் தொழில்முனைவோருக்கான பயிற்சி முகாமில், உணவுப் பாதுகாப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சுய உதவிக் குழுக்களிலிருந்து நிறைய சகோதரிகள் வந்திருக்கீங்க. முறுக்கு, மசாலாப் பொடி, ஊறுகாய், பிஸ்கட் செய்கிறவங்க இருக்கீங்க. இறைச்சி ஏற்றுமதியில் இறங்க நினைக்கிறவங்களும் இருக்கீங்க. காலையிலிருந்து எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கறீங்க: "ஹலால் சான்று எங்கே வாங்கணும் சார், எவ்வளவு ஆகும்?" அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேற இருக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவுக்கு மலேசியாவிலிருந்து முறுக்குக்கு ஆர்டர் வந்தது. வாங்குபவர் ஹலால் சான்று கேட்டார். யாரோ கைகாட்டிய ஓர் அமைப்பிடம் பணம் கட்டிச் சான்றும் வாங்கிட்டாங்க. சரக்கு பேக் ஆகி அட்டைப்பெட்டியில் ஏறிய பிறகுதான், "இந்த அமைப்பு எங்க நாட்டு அங்கீகாரப் பட்டியல்ல இல்லையே" என்று பதில் வந்தது. ஆர்டர் ரத்து. குழுத் தலைவி என்னிடம் வந்து, "காகிதம் கையில இருக்கே சார், ஏன் ஏத்துக்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்டாங்க. சான்று போலி இல்லை. ஆனா அந்த நாட்டில் அது செல்லாது.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: எந்த நாட்டுக்கு அனுப்பப் போறோம்? மலேசியாவில் ஜாக்கிம், சிங்கப்பூரில் முயிஸ் ஆகிய அமைப்புகள் இந்தப் பொறுப்பில் இருக்கின்றன. எந்தெந்த வெளிநாட்டு அமைப்பின் சான்றை ஏற்பது என்று ஜாக்கிம் தனியாகப் பட்டியல் வெளியிடுகிறது. இந்தோனேசியாவில் 2014ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம் வந்த பிறகு, உணவு, பானங்களுக்குச் சான்று படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. அந்நாட்டின் சிறு, குறு தொழில்களுக்கு 2026 அக்டோபர் 17 வரை அவகாசம் தந்திருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் பட்டியலைப் பாருங்க. வாங்குபவரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கோங்க.

நம்ம நாட்டில் பொதுவாக இது தனியார் அமைப்புகள் தரும் சான்றுதான். இறைச்சி ஏற்றுமதிக்கு மட்டும் மத்திய அரசு ஒரு முறையைக் கொண்டு வந்திருக்கிறது. 2024 அக்டோபர் 16 முதல், குறிப்பிட்ட 15 நாடுகளுக்கு ஹலால் என்று சொல்லி இறைச்சி அனுப்ப, இந்தியத் தர கவுன்சிலின் 'ஐ-காஸ் ஹலால்' திட்டத்தின் கீழ் சான்று பெற்ற கூடத்தில்தான் அது தயாராகிப் பேக் ஆகியிருக்க வேண்டும்.

சரி, "முறுக்குல என்ன சார் ஹலால், அரிசி மாவுதானே?" என்று ஒரு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஹலால் என்றால் 'அனுமதிக்கப்பட்டது'. இறைச்சியில் அறுக்கும் முறை முக்கியம். மற்ற உணவில், உள்ளே போகிற ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். பிஸ்கட்டில் போடும் ஐ.என்.எஸ். 471 என்ற எமல்சிஃபயர் தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். ஜெலட்டின் மாட்டிலிருந்தும் வரும், பன்றியிலிருந்தும் வரும். பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று நினைக்காதீங்க. அந்தப் புள்ளி விலங்குப் பொருளைப் பற்றித்தான் சொல்லும். எசன்ஸில் ஆல்கஹால் இருக்கா என்று சொல்லாது.

2001 தொடக்கத்தில் இந்தோனேசியாவில் நடந்ததைக் கேளுங்க. ஒரு பெரிய நிறுவனத்தின் சுவையூட்டும் உப்பைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த உப்பு பாக்டீரியாவை வளர்த்துத் தயாரிப்பது. அந்தப் பாக்டீரியாவுக்கு வைக்கும் ஊட்டப் பொருளைத் தயாரிக்க, பன்றியிலிருந்து எடுத்த ஒரு நொதி பயன்பட்டிருந்தது. பொருளுக்குள் பொருள், அதற்குள் இன்னொன்று. சப்ளையரை மாற்றினாலோ மூலப்பொருளை மாற்றினாலோ, சான்று தந்தவருக்குச் சொல்லணும் என்பது இதனால்தான்.

2020 டிசம்பரில் மலேசியாவின் ஜொகூரில் ஒரு கிடங்கில், இறக்குமதியான உறைந்த இறைச்சியை மறுபடி பேக் செய்து போலி ஹலால் முத்திரை ஒட்டியதாகப் பெரிய சர்ச்சை எழுந்தது. முத்திரையை அச்சகத்தில் அடித்துவிடலாம். பண்ணையிலிருந்து கடை வரைக்குமான பதிவுகளை ஒன்றோடொன்று பொருந்தும்படி போலியாகச் செய்வது கஷ்டம். வந்த வழியைப் பின்னோக்கிப் பார்ப்பதைத்தான் தடமறிதல் என்கிறோம்.

இதற்குத் தொழில்நுட்பம் நிறைய வந்தாச்சு. கியூஆர் குறியீடு, பிளாக்செயின், எந்த விலங்கின் இறைச்சி என்று காட்டும் டிஎன்ஏ சோதனை எல்லாம் இருக்கு. ஆனா இயந்திரம் நாம் எழுதியதைத்தான் காட்டும். தப்பா எழுதினா, அந்தத் தப்பையே பத்திரமா வைத்திருக்கும். டிஎன்ஏ சோதனையும் விலங்கு எது என்று சொல்லுமே தவிர, எப்படி அறுத்தார்கள் என்று சொல்லாது. அதனால் முதலில் ஒரு நோட்டு போடுங்க. தேதி, மூலப்பொருள், யாரிடம் வாங்கினது, அவங்க பேக்கட்டின் பேட்ச் எண், நம்ம பேட்ச் எண், யாருக்கு விற்றோம். ஆறே பத்தி. வாங்கினதுக்கு ஒரு படி பின்னால், விற்றதுக்கு ஒரு படி முன்னால். கியூஆர் அப்புறம் போட்டுக்கலாம்.

"இதுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். பேட்ச் எண் இருந்தால், ஏதாவது குறை வந்தால் அன்றைக்குச் செய்த 40 கிலோவை மட்டும் எடுத்தால் போதும். எண் இல்லை என்றால் மாசம் முழுக்கச் செய்த சரக்கும் குப்பைக்குத்தான். அதில் போட்ட எண்ணெய், எரிவாயு, தண்ணீர், உங்க உழைப்பு எல்லாம் வீண். ஹலாலோடு சேர்த்து 'தய்யிப்' என்று ஒரு சொல்லையும் சொல்வார்கள். நல்லது, தூய்மையானது என்று பொருள். இறைச்சிக் கூடத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் கால்வாயில் விட்டுவிட்டு, முத்திரை சரியா இருக்கு என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? ரத்தம், குடல் கழிவுகளைச் சாண எரிவாயுவாக்கலாம். தோல் வாணியம்பாடி, ஆம்பூர் தொழிற்சாலைகளுக்குப் போகும். வீணாக்காததும் லாபம்தான்.

நாளைக்கே செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, ஃபாஸ்காஸ் இணையதளத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம் வாங்குங்க. இந்த 14 இலக்க எண் இல்லாமல் எந்தச் சான்றுக்கும் போகாதீங்க. இரண்டு, ஏற்றுமதிக்கு இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் எடுங்க. வழி தெரியாட்டி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்க. மூன்று, போக வேண்டிய நாட்டின் பட்டியலைப் பார்த்த பிறகே சான்று அமைப்புக்குப் பணம் கட்டுங்க. நான்கு, அந்த நோட்டு.

முதலில் சொன்ன குழு இப்போ நோட்டு போடுறாங்க. பட்டியலில் இருக்கிற அமைப்பிடம் மறுபடி விண்ணப்பித்தாங்க. தணிக்கைக்கு வந்தவர் எண்ணெய் டின்னைக் காட்டி, "இது எங்கே வாங்கினது?" என்று கேட்டதும், தலைவி வாயால் பதில் சொல்லலை. நோட்டைத் திறந்து பக்கத்தைக் காட்டினாங்க.

இப்போ கேள்விகளைக் கேளுங்க.