ஹாஃப்கினும் ஒரு புட்டி மருந்தும்



புதிய மருத்துவத்தை வளர்த்த யூத அறிஞர் பலர். பவுல் எர்லிக் போன்றோரைப் பாடநூல்களிற் கண்டிருப்பீர்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டவர் மருத்துவப் பட்டம் பெற்றவரே அல்லர், விலங்கியல் கற்றவர். ஆயினும் மருத்துவர்கள் செய்யத் துணியாததை இந்திய மண்ணில் செய்தவர்.

வால்டெமார் ஹாஃப்கின் 1860-இல் ஒடெஸ்ஸா நகரிற் பிறந்தார். ருஷ்யப் பேரரசில் யூதருக்குக் கல்விப் பதவிகள் எட்டாக்கனி. ஆகவே பாரிஸிலுள்ள பாஸ்டர் நிலையத்தை அடைந்தார். 1892-இல் காலராத் தடுப்பு மருந்தை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்தார்.

1896-இல் பம்பாயிற் பிளேக் மூண்டது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியிற் கிடைத்த சிறிய இடத்தில் அவர் வேலை தொடங்கினார். இறைச்சிச் சாற்றின்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். அத்துளிகளைப் பற்றிக்கொண்டு கிருமிகள் ஆல விழுதுகள்போற் கீழே தொங்கி வளர்ந்தன. நம் அடுக்களை நெய்க்கு இப்படியும் ஒரு பெருமை! அக்கிருமிகளை வெப்பத்தாற் கொன்று மருந்தாக்கினார். 1897 ஜனவரி 10-ஆம் நாள், இம்முறையும் தமக்கே முதலில் ஊசி போட்டுக்கொண்டார்.

பின்னர் வந்தது பேரிடி. 1902 அக்டோபரில், இன்று பாகிஸ்தானில் உள்ள முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் ரணஜன்னி கண்டு மாண்டனர். மருந்திற் கார்பாலிக் அமிலம் சேர்க்கும் வழக்கத்தை ஹாஃப்கின் கைவிட்டு, வெப்பத்தை மட்டும் நம்பியிருந்தார். ஆய்வுக்கூடத்திலேயே புட்டி கெட்டிருக்க வேண்டும் என்று விசாரணைக் குழு முடிவு செய்தது, அவர் பதவியிழந்தார்.

ஆனால் ஊரில் நடந்தது வேறு. புட்டியின் தக்கையைத் திறக்க எடுத்த இடுக்கி, உதவியாளர் கைதவறி மண்ணில் விழுந்தது. அதைச் செவ்வையாகத் தூய்மை செய்யாமலே பயன்படுத்தினர். மண்ணிலேதான் ரணஜன்னிக் கிருமி வாழ்கிறது. புட்டி முன்னமே கெட்டிருந்தால், திறந்தபோது துர்நாற்றம் வீசியிருக்கும், வீசவில்லை. இவ்வளவு எளிய உண்மையை ஏற்க ஐந்து ஆண்டுகள் ஏன் ஆயின? அவர் அயலார், யூதர், பட்டமில்லாதவர் என்பதும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

1907-இல் ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வாதாடிய பின்னரே பழி நீங்கிற்று. ஹாஃப்கின் இந்தியாவுக்கு மீண்டார். ஆனால் பணி கல்கத்தாவில். அவர் தோற்றுவித்த பம்பாய் ஆய்வுக்கூடத்தின் தலைமை அவருக்குத் திரும்பக் கிட்டவில்லை. 1925-இல் அக்கூடத்திற்கு அவர் பெயரைச் சூட்டினர். 1930-இல், ஸ்விட்ஸர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலமானார்.