மடக்குக் கத்திக்கு ஒரு சொட்டு எண்ணெய்

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில், 1890-ல், ஜோசப் ஒப்பினெல் என்ற இளைஞர் தம் பட்டறையில் ஒரு மடக்குக் கத்தியைச் செய்தார். விவசாயிகளின் சட்டைப்பையில் அது இடம்பிடித்தது. 1897-ல் 1 முதல் 12 வரை எண் போட்டு, பன்னிரண்டு அளவுகளில் வந்தது. இன்று அதைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

பீச் மரக் கைப்பிடி. அலகில் கிரீடம் சூடிய கை முத்திரை. கழுத்தில் சுழலும் வளையம். திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும், விரல் தப்பும். இந்தப் பூட்டு வந்தது 1955-ல். பெரிய கத்தியில் பூட்டு இல்லையென்றால், கத்தி 1955-க்கும் முந்தையது என்று ஊகிக்கலாம்.

அலகு கார்பன் எஃகு. சுலபமாகக் கூர் ஏறும். ஈரம் பட்டால் துருவும் ஏறும். பழம் நறுக்க நறுக்கச் சாம்பல் நிறம் படரும். அது அழுக்கல்ல, தேய்த்து எடுக்காதீர்கள். கைப்பிடி நனைந்தால் மரம் உப்பி அலகு இறுகிவிடும். அப்போது சவோய்க்காரர்கள் கைப்பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டு தட்டுவார்கள். அலகு மெல்ல எட்டிப் பார்க்கும்.

உங்கள் வீட்டிலும் பழைய மடக்குக் கத்தி இருக்கிறதா? தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மழுங்கினால் சாணைக்கல்லில் மெதுவாகத் தீட்டுங்கள். தாத்தாவின் கத்தி பேரனுக்கும் உழைக்கும்.