நிலத்தடிச் செல்வமும் முதல் திரட்டும் முறையும்
(அருள்புரத்தில் நடைபெற்ற விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பின்னலாடைக்கும் சாயத்திற்கும் விசைத்தறிக்கும் பேர்போன இந்த அருள்புரத்தில் நெய்வேலிச் சுரங்கத்தைப் பற்றி நாம் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சென்ற மாதம் நிகழ்ந்த ஒன்றைக் கூறினால் காரணம் விளங்கும்.

நம் அலுவலகத்திற்கு வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து வந்தார். புதிதாகத் தொடங்கவிருக்கும் ஒரு தொழிலில் ஒரு லட்சம் ரூபாய் முதலீடு செய்தால் மாதந்தோறும் 8,000 ரூபாய் தரப்படும் என்று அதில் கண்டிருந்தது. "நாலு ஏக்கரா பத்திரத்தை வெச்சுப் பணம் பொரட்டிப் போடலாமுங்களா?" என்று அவர் கேட்டார். நாம் உடனே விடை கூறவில்லை. அவரை அமரச் செய்து, நெய்வேலி தோன்றிய வரலாற்றைக் கூறினோம். அதனையே இன்று உங்கள் முன்னும் வைக்க விரும்புகிறோம்.

நெய்வேலியின் கதை கிணற்றிலிருந்து தொடங்குகிறது. 1930களின் இடைப்பகுதியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது நீருடன் கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அவர் அதனை வீண் என்று எறிந்துவிடாமல் அதிகாரிகளின் கவனத்திற்குக் கொண்டு சென்றார். அதற்கும் முன்னரே, 1880களில், புதுச்சேரியை அடுத்த பாகூர்ப் பகுதிக் கிணறுகளில் இத்தகைய பழுப்பு நிலக்கரி தென்பட்டதுண்டு. 1940களின் தொடக்கத்தில் சென்னை பின்னி நிறுவனத்தார் துளையிட்டுப் பார்த்தனர். 1943 முதல் 1946 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினரும் துளையிட்டு ஆராய்ந்தனர். கரி இருப்பது உறுதியாயிற்று. ஆயினும் வெள்ளையர் ஆட்சி முடியும்வரை சுரங்கம் திறக்கப்படவில்லை. பூமியில் செல்வம் இருந்தும் அதை எடுக்க முதல் போட எவரும் முன்வரவில்லை.

ஏன் முன்வரவில்லை? அங்கே கரிப்படுகையின் மேல் ஏறத்தாழ 50 மீட்டருக்கும் அதிகமான மண் மூடிக்கிடக்கிறது. ஒரு டன் கரி எடுக்க ஏறத்தாழ 5 அல்லது 6 கன மீட்டர் மண்ணை அகற்றியாக வேண்டும். கரிக்கு அடியிலோ பெரும் நீர்ப்படுகை. அந்த நீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளுகிறது. அதை இரவு பகல் ஓயாது இறைத்துக்கொண்டே இராவிடில் சுரங்கத்தின் அடித்தளம் உடைந்து வெள்ளக்காடாகிவிடும். மேலும், பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரமே. தொலைவிற்கு ஏற்றிச் சென்று விற்கக் கட்டுப்படியாகாது. ஆகவே சுரங்கத்தை மட்டும் திறந்து பயனில்லை. அதன் அருகிலேயே மின் நிலையமும் அமைத்தாக வேண்டும். இத்தனைக்கும் பணம் போட்டுப் பல ஆண்டுகள் ஒரு காசும் திரும்பாமல் காத்திருக்க எந்தத் தனி முதலாளிக்கு மனம் வரும்?

விடுதலைக்குப் பின் சென்னை அரசாங்கம் இதனைக் கையில் எடுத்தது. நம் மாநிலத்தில் நிலக்கரி இல்லை. அன்று வங்காளம், பீகார்ப் பகுதிகளிலிருந்து வந்தாக வேண்டியிருந்தது. பைக்காரா மின்சாரம் 1932இல் வந்த பிறகு கோவை நாட்டில் ஆலைகளும் பம்புசெட்டுகளும் எவ்வாறு பெருகின என்பதை உங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அருவி மின்சாரமோ மழை பொய்த்தால் குறையும். ஆதலின் நெய்வேலி இன்றியமையாததாயிற்று.

முதல் திரட்டிய முறையை ஊன்றிக் கவனியுங்கள். 1951 முதல் எச். கே. கோஷ் என்ற சுரங்கப் பொறியாளரின் பொறுப்பில் துளையிடும் பணி விரிவாக நடைபெற்றது. 1953இல் சிறு அளவில் ஒரு சோதனைக் குழி வெட்டி, மண்ணை அகற்ற முடியுமா, நீரை அடக்க முடியுமா என்று பார்த்தனர். பவல் டஃப்ரின் என்ற ஆங்கிலேய நிபுணர் நிறுவனத்திடம் திட்ட அறிக்கை பெறப்பட்டது. அதற்குப் பின்னரே பெரும் பணம் வந்தது. 1956 நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் பதிவு செய்யப்பட்டது. முதலை மத்திய அரசாங்கம் அளித்தது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்தும், மின் நிலையத்திற்கான உதவி சோவியத் நாட்டிலிருந்தும் வந்தன. 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் 50 மெகாவாட் திறனுள்ள முதல் மின் பொறி இயங்கியது. 1970இல் அம்மின் நிலையம் 600 மெகாவாட்டாக வளர்ந்தது. கிணற்றில் கரி கண்ட நாளிலிருந்து விளக்கெரிய ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று என்பதை மறவாதீர்கள்.

பிற்காலத்திலும் முதல் பற்றிய கேள்வி எழுந்தது. 2013இல் பங்குச் சந்தை விதியை நிறைவேற்ற மத்திய அரசு தன் பங்குகளில் 3.56 விழுக்காட்டை விற்க வேண்டியிருந்தது. தனியாருக்கு விற்கலாகாது என்று தொழிலாளர் போராடினர். தமிழ்நாடு அரசின் ஐந்து நிறுவனங்களே அப்பங்குகளை வாங்கிக்கொண்டன.

இனி மறுபக்கத்தையும் மறைக்காமல் கூறுவதே நம் கடமை. சுரங்கம் விரிய விரியப் பல கிராமங்கள் இடம் பெயர்ந்தன. நிலத்தடி நீர் இறங்கிவிட்டது என்பது சுற்றுப்புற விவசாயிகளின் நெடுநாள் குறை. 2020 ஜூலையில் இரண்டாம் அனல்மின் நிலையத்துக் கொதிகலன் விபத்தில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பல ஆண்டுகளுக்கு முன் கையகப்படுத்தப்பட்டும் விவசாயிகள் உழுது வந்த வயல்களில், வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்களை ஓட்டிக் கால்வாய் வெட்டினர். நிலத்திற்கு விலை கொடுத்தாயிற்று என்றது ஒரு தரப்பு. போதாது, சொன்ன வேலையும் கிடைக்கவில்லை என்றது மறுதரப்பு. பயிர் அழிந்தது கண்டு உயர்நீதிமன்றமே வேதனை தெரிவித்தது. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்க 2020இலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. 2023 ஏப்ரலில் அப்பகுதியின் நிலக்கரி வட்டாரங்கள் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. முதல் மின் நிலையமும் தன் காலம் முடிந்து 2020இல் மூடப்பட்டுவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கும் குறைவாகவே அது உழைத்தது. இழந்த நிலமோ மீளவில்லை.

இந்தப் பாடம் அருள்புரத்திற்குப் புதிதன்று. சாயத் தொழில் பெருகியபோது, கழிவு நீரைத் தூய்மையாக்கும் செலவை முதலீட்டுக் கணக்கில் எவரும் முறையாகச் சேர்க்கவில்லை. அச்செலவு நொய்யல் வழியே ஓடி, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள விவசாயியின் தலையில் விழுந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது தொழிலாளியின் அடுப்பும் அணைந்தது. பின்னர்ப் பட்டறையாளர் பங்கு சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறியே தொழில் மீண்டது. தொடக்கத்தில் போட வேண்டிய முதலைப் பின்னர் இருமடங்காகப் போட நேர்ந்தது.

ஆகவே, எந்தத் தொழிலுக்கு எவர் வந்து பணமோ நிலமோ கேட்டாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: சரக்கு உண்டா? அதைக் கேட்பவர் அல்லாத வேறொருவர் ஆராய்ந்து சொன்னாரா? நெய்வேலியில் கரி உண்டு என்பதைப் பலர், பல முறை துளையிட்டு உறுதி செய்தனர்.

இரண்டாவது: சிறு அளவில் செய்து காட்டினார்களா? சோதனைக் குழி வெட்டாமல் சுரங்கம் வெட்டலாகாது.

மூன்றாவது: நட்டம் வந்தால் தாங்குபவர் யார்? கால் நூற்றாண்டு காத்திருக்கும் வலிமை அரசாங்கத்திற்கு உண்டு. நாலு ஏக்கர் குடியானவருக்கு அடுத்த மழை வரை காத்திருப்பதே பாடு. மாதம் 8,000 என்றால் ஆண்டிற்கு 96 விழுக்காடு. எந்தத் தொழிலும் நேர்மையாக ஈட்டித் தராத வட்டி அது. புதிதாய்ச் சேர்வோர் பணத்தைப் பழையவருக்குக் கொடுத்தாலன்றி அதைத் தர இயலாது. 2012இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமுக் கோழிப் பண்ணை நிறுவனங்கள் வீழ்ந்தபோது கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பட்ட துயரம் உங்களுக்குத் தெரியாததன்று. முதலீட்டாளர் நலன் காக்க 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் உள்ளன. ஐயம் தோன்றினால் பொருளாதாரக் குற்றப் பிரிவுக் காவலரிடம் கூறுங்கள். பணம் போன பின் செல்வதினும் போகுமுன் செல்வது மேல்.

நான்காவது: இதனால் விளையும் கேட்டிற்கு யார் ஈடு செய்வது? நீருக்கும் நிலத்திற்கும் வரும் சேதம் திட்டச் செலவில் சேர்ந்துள்ளதா? இக்கேள்வியைக் கிராம சபையில், எல்லோரும் அறிய, எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ச்சொல்லாக வந்த வேலையும் நிவாரணமும் வாய்ச்சொல்லாகவே போய்விடும்.

தொழில் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. மின்சாரமின்றி உங்கள் பம்புசெட்டும் ஓடாது, பின்னல் இயந்திரமும் ஓடாது. பெருந்தொழிலுக்கு முதல் வேண்டும். அதைத் திரட்டுவது நாட்டிற்கு நன்மையே. ஆனால் நட்டத்தைத் தாங்க வல்லவர் முதல் போடட்டும். தாங்க மாட்டாதவரின் கழனி அதற்குப் பிணையாக வேண்டாம்.

அந்தப் பெரியவரிடமும் இந்நான்கு கேள்விகளையே எழுதிக் கொடுத்தனுப்பினோம். அவர் அவற்றை அத்தாளைக் கொடுத்தவரிடம் கேட்டாராம். ஒன்றிற்கும் விடை வரவில்லை. பத்திரம் இன்றும் அவர் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது. அவருடைய பக்கத்துத் தோட்டக்காரர் கேட்கவில்லை, பணம் போட்டுவிட்டார். அவருக்காகவே இன்று காவல்துறைக்கு நாம் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இனி உங்களில் எவருக்காகவும் அத்தகைய மனு எழுத வேண்டிய நிலை வராதிருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.