காஷ்மீரத்துத் தித்தா தேவியார்



ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர்க் காஷ்மீர நாட்டை ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் தம் ஆணைக்கு உட்படுத்திய பெண்ணரசி ஒருவரைப் பற்றி இன்று சில கூற விழைகின்றோம். அவர் பெயர் தித்தா.

தித்தா லோகர நாட்டுச் சிம்மராசனின் மகள். காபூல் சாகி மன்னன் பீமனின் பேத்தி. கால் ஊனமுற்றவர், வல்கா என்னும் பெண்ணொருத்தி அவரைச் சுமந்து செல்வாள். காஷ்மீர மன்னன் க்ஷேமகுப்தன் இவரை மணந்தான். அவன் வெளியிட்ட நாணயங்களில் அவன் பெயருக்கு முன்னே 'தி' என்னும் எழுத்து நிற்கின்றது. அது தித்தாவின் பெயரின் முதலெழுத்து. மனைவியின் செல்வாக்கிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

958இல் மன்னன் இறந்தான். உடன்கட்டை ஏறச் சென்ற அரசியை நரவாகனன் என்னும் அமைச்சன் தடுத்து நிறுத்தினான். இளஞ்சிறுவன் அபிமன்யு அரியணை ஏற, அன்னையார் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். உடனே கலகம் மூண்டது. கலகத்தாரோடு சேர்ந்திருந்த லலிதாதித்தபுரத்து அந்தணர்க்குப் பொன் கொடுத்து, அக்கூட்டத்தைத் தேவியார் பிளந்தார். ஆயின், தம் உயிரையும் ஆட்சியையும் காத்த நரவாகனன் மீதே பின்னர் ஐயம் கொண்டார். அவமதிப்புப் பொறாத அவ்வமைச்சன் தற்கொலை செய்துகொண்டான்.

972இல் அபிமன்யு மறைந்தான். பேரர் மூவர் ஒருவர்பின் ஒருவராய் அரசராயினர். ஒருவர்பின் ஒருவராய் மாண்டனர். மூவர் சாவிற்கும் பாட்டியாரே காரணம் என்று கல்ஹணர் தம் இராஜதரங்கிணியில் எழுதுகின்றார். 980 அளவில் தித்தாவே முடி சூடினார். பூஞ்சுப் பகுதியிலிருந்து வந்த எருமை மேய்ப்பன் துங்கனை உயர்ந்த அமைச்சனாக்கினார். 1003இல் மறையும் வரை ஆண்டார்.

கல்ஹணரின் கூற்றை எவ்வாறு கொள்வது? அவர் எழுதியது 1148-50இல். நிகழ்ச்சிகட்கு ஒன்றரை நூற்றாண்டு பிற்பட்டு. முதல் இரு பேரர் மாண்டது மாந்திரீகத்தால் என்கின்றார். அதனை நாம் ஏற்பதற்கில்லை. பெண்ணின் இயல்பையே பழிக்கும் சொற்களும் அவர் நூலில் உண்டு. எனினும், அவர் காலத்து மன்னன் ஜயசிம்மனும் தித்தா பிறந்த லோகர குலத்தவனே. அக்குலத்துப் பேரரசியைப் பழிப்பதால் அவருக்கு ஊதியம் ஏதுமில்லை. ஆகவே குற்றச்சாட்டு முழுவதையும் பொய்யெனத் தள்ளிவிடவும் இயலாது.

பெண் என்பதற்காக ஒருவரை இகழ்தல் அறமன்று. பெண் என்பதற்காகவே பழியை மறைத்தலும் அறமன்று. அரியணைக்காக உறவினரைக் கொன்ற ஆடவரை நாம் எத்தராசில் நிறுக்கின்றோமோ, அத்தராசிலேயே இவரையும் நிறுத்தல் வேண்டும்.

அவ்வாறு நிறுக்கும்போது இன்னொன்றையும் தட்டில் வைப்போமாக. வாரிசைத் தேர்ந்திட உடன்பிறந்தார் மைந்தர் முன் கனிகளைக் கொட்டினாராம். ஏனையோர் தம்முள் அடித்துக்கொண்டு பொறுக்க, அவர்களை மோதவிட்டுத் தான் அடிபடாமல் மிகுதியான கனிகளைச் சேர்த்தான் சங்கிராமராசன். அவனையே தித்தா தேர்ந்தார். முடி குருதியின்றிக் கைமாறிற்று. 1015இலும் 1021இலும் கஜினி மாமூது லோகரக் கோட்டையை முற்றுகையிட்டும் வெல்லாது திரும்பியது அவன் ஆட்சியிலேதான்.

சிறீநகரில் தித்தமர் என்னும் பகுதி இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஊன்றி நடக்க இயலாத ஒருவர் ஒரு நாட்டை நிலைநிறுத்தினார். அதன் விலையைப் பிறர் உயிரால் கொடுத்தார். இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்வதே வரலாறு கற்பார் கடன்.