வக்கீலிடம் என்ன கேட்பது, எப்போது கேட்பது?

(ஸ்ரீவராகத்தில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில், சட்ட சந்தேகங்களுக்கு வக்கீல் பதில் அளிக்கும் நிகழ்ச்சிக்கு முன் ஆற்றிய உரை)



இன்று வக்கீல் வந்து உங்கள் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லப் போகிறார். அதற்கு முன்பு கொஞ்ச நேரம் பேசும்படி செயலாளர் என்னிடம் சொன்னார். நான் வக்கீல் இல்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ரெவின்யூ இலாகாவில் சேர்ந்து, ஆயுளில் பாதியை தாலூக்கா ஆபீஸ் ஃபைல்களோடு கழித்தவன். பதில் சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது. கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

நம் ஊரில் சட்ட ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. வராகமூர்த்தியை ஸேவித்துவிட்டுக் குளத்தங்கரைப் பக்கம் நாலு பேர் நின்றால் போதும், உயிலிலிருந்து வாடகைக்காரர் வரை எல்லாவற்றுக்கும் தீர்ப்பு கிடைத்துவிடும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வக்கீல் என்று தெரிந்தால், பாயஸம் வருவதற்குள் அவரிடம் மூன்று கேள்வி கேட்டுவிடுவோம். அவரும் மரியாதைக்கு ஏதோ சொல்வார். அதை வீட்டில் போய், "வக்கீலே சொல்லிவிட்டார்" என்போம்.

காலேஜில் எங்களுக்கு ஸால்ட் அனாலிஸிஸ் உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பொடி கொடுப்பார்கள். பார்த்த மாத்திரத்தில் பெயர் சொன்னால் மார்க் கிடையாது. ஒவ்வொரு பரீட்சையாகச் செய்து, இது இல்லை, இது இல்லை என்று கழித்துக்கொண்டு வரவேண்டும். நல்ல வக்கீலும் அப்படித்தான். நாம் ஒரு கேள்வி கேட்டால் அவர் பத்துக் கேள்வி கேட்பார். அப்பா எந்த வருஷம் காலமானார்? சொத்து எந்த ஊரில் இருக்கிறது? ஆதாரம் யார் பெயரில்? போக்குவரவு செய்து கரம் கட்டுவது யார்? இதையெல்லாம் கேட்காமல் உடனே பதில் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். "பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு உண்டா?" கேட்க எவ்வளவு சுலபமான கேள்வி! தமிழ்நாட்டில் சொத்து இருந்தால், 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு மாநிலச் சட்டமே பங்கு கொடுத்தது. பிறகு மத்திய சட்டத்தில் 2005 செப்டம்பர் 9 முதல் திருத்தம் வந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. கேரளத்திலோ, 1975-ம் வருஷச் சட்டத்தின்படி 1976 டிசம்பர் 1 முதல் ஹிந்து கூட்டுக் குடும்பச் சொத்து என்ற ஏற்பாடே ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆகையால் திருத்தம் இங்கே செல்லாது என்று வெகு காலம் வாதித்து வந்தார்கள். 2025 ஜூலையில் கேரள ஹைகோர்ட், அந்தச் சட்டத்தின் 3, 4 பிரிவுகள் மத்திய திருத்தத்தோடு முரண்படுவதால் நிற்காது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நாகர்கோவிலில் ஒரு நிலம், கல்பாத்தியில் ஒரு வீட்டுப் பங்கு, இங்கே ஒரு வீடு என்று இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஒரே கேள்விக்கு அவர்களுக்கு மூன்று விதமாக ஆராய்ச்சி தேவைப்படும். மைலாப்பூர் மச்சினர் சொன்னதை வைத்துக்கொண்டு இங்கே காரியம் செய்யக்கூடாது.

இனி, நம் வயதினருக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் கூட இருக்கிறார், அல்லது கூட வந்து இருக்கிறேன் என்கிறார். "வீட்டை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் தகராறு இருக்காது" என்று யாரோ சொல்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து ஸப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு விடுகிறோம். வக்கீலிடம் போவது எப்போது? ஆறு மாதம் கழித்து, முன் அறையிலிருந்து பின் அறைக்குப் படுக்கை மாறிய பிறகு.

தனநிச்சயம், இஷ்டதானம் என்று எழுதிப் பதிவு செய்து கொடுத்தால் வீடு அன்றே கைமாறி விடுகிறது. மனம் மாறினால் நாமாக அதை ரத்து செய்ய முடியாது, ஸிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். வில்பத்திரம் அப்படியில்லை. நம் காலத்துக்குப் பிறகுதான் அது பேசும். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். குடும்பத்துக்குள் எழுதும் தனநிச்சயத்துக்கு ஸ்டாம்ப் டூட்டி சலுகை இருப்பதைச் சொல்லித்தான் பலரும் அவசரப்படுத்துகிறார்கள். நாளைக்கு நமக்கு இருக்க இடம் வேண்டுமே, அதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

எழுதித்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், ஆதாரம் எழுதுபவரிடம் போவதற்கு முன் வக்கீலிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, எங்கள் இருவரின் ஆயுட்காலம் முடிய இந்த வீட்டில் வசிக்கும் உரிமையை எங்களுக்கே வைத்துக்கொண்டு எழுத முடியுமா? முடியும். இரண்டாவது, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஆதாரத்திலேயே எழுத வேண்டுமா? கட்டாயம் எழுத வேண்டும். 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ம் பிரிவு சொல்வது இதுதான்: அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், கொடுத்தவர் கேட்டுக்கொண்டபடி ட்ரிப்யூனல் அந்த ஆதாரத்தை ரத்து செய்யலாம். கேரளத்தில் அந்த ட்ரிப்யூனல் நம் ஆர்.டி.ஓ. தான். சட்டம் வருவதற்கு முன் எழுதிய ஆதாரங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

நிபந்தனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 டிசம்பரில் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே சாட்சி. ஒரு தாயார் தன் மகள்களுக்குச் சொத்தை விட்டுக்கொடுத்திருந்தார். நிபந்தனை இருந்ததாக அவர் மனுவிலேயே சொல்லவில்லை. ட்ரிப்யூனல் ரத்து செய்தது, சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டது. 2025 ஜனவரி 2-ம் தேதி இன்னொரு தீர்ப்பு, மத்தியப் பிரதேசத்திலிருந்து போன வழக்கு. நம் கேரளத்துக்காரரான ஜஸ்டிஸ் ஸி.டி. ரவிகுமாரும் அந்த பெஞ்சில் இருந்தார். அந்தத் தாயார் மகனுக்கு தானம் எழுதிக் கொடுத்தபோது, "கடைசி வரை பார்த்துக்கொள்வேன்" என்று அதே சமயத்தில் தனிக் காகிதத்தில் மகன் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். முதியோருக்காக வந்த சட்டத்தை அவர்களுக்கு உதவும் விதத்தில்தான் படிக்க வேண்டும் என்று சொல்லி, வீட்டை அவருக்கே திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார்கள். அந்த அம்மாவைக் காப்பாற்றியது ஒரு காகிதம். ஆனால் அதற்கு அவர் டில்லி வரை போகவேண்டியிருந்தது. அதே வாக்கியம் ஆதாரத்துக்குள்ளேயே இருந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

"பெற்ற பிள்ளையிடம் போய் நிபந்தனையா?" என்று மாமிகள் கேட்பது எனக்குத் தெரியும். நல்ல பிள்ளைக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லையே!

மாமிகளிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வில்பத்திரம் என்றால் ஆண்கள் எழுதுவது என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் இருக்கிறது. 2009-ல் சுப்ரீம் கோர்ட் முடித்த ஒரு வழக்கைக் கேளுங்கள். 1955-ல் கல்யாணமான ஒரு பெண். மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புக்ககத்தார் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீட்டார் படிக்க வைத்தார்கள், உத்தியோகம் கிடைத்தது, சம்பாதித்துச் சேமித்தார். 1996-ல் உயில் எழுதாமலே காலமானார். பாங்குப் பணமும் பிராவிடண்ட் ஃபண்டும் யாருக்கு? வளர்த்த பிறந்த வீட்டாருக்கு இல்லை. ஹிந்து வாரிசுச் சட்டம் 15-ம் பிரிவின்படி, நாற்பது வருஷம் எட்டிக்கூடப் பார்க்காத கணவர் குடும்பத்துக்கே போயிற்று. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஒரு பக்கம் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது. 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே, ஹிந்துப் பெண்கள் எல்லோரும் உயில் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறது. குழந்தை இல்லாதவர்களும், தனியாக இருப்பவர்களும் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை (பதிவு செய்வது நல்லது). இரண்டு சாட்சிகள் கட்டாயம். பின்னால் தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். நம்மவர்கள் தங்கள் பால்ய நண்பர்களைத்தான் சாட்சி வைக்கிறார்கள். எழுதுபவருக்கு எழுபத்தெட்டு, சாட்சிகளுக்கு எண்பதும் எண்பத்திரண்டும்! நாற்பது வயதுக்காரர்களாகப் பாருங்கள்.

"நாமினி போட்டிருக்கிறேன், உயில் எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. பாங்கு டெபாஸிட்டில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், அதனால் மட்டும் அவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். 2025 நவம்பர் 1 முதல் பாங்குக் கணக்கில் நான்கு நாமினிகள் வரை போடலாம் என்றாலும் இந்த விஷயம் மாறவில்லை. இன்ஷூரன்ஸில் 2015 திருத்தத்துக்குப் பின் வேறு மாதிரி: கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் நாமினியானால் பணம் அவர்களுக்கே. மற்றதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வக்கீல் ஃபீஸ் கொடுத்துக் கட்டாது என்று பயப்படுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. இங்கே நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாலக்காட்டு வைத்தியநாதபுரத்து வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தின் முதல் மந்திரிசபையில் சட்ட மந்திரி. இலவச சட்ட உதவிக்காக மத்திய அரசு அமைத்த கமிட்டிக்குத் தலைமை வகித்து 1973-ல் ரிப்போர்ட் கொடுத்தவர். சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்தபோது ஒரு கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற பெஞ்சில் இருந்தவர். 1980-ல் ஓய்வு பெற்ற பிறகும், எர்ணாகுளத்தில் அவருடைய 'ஸத்கமய' வீட்டு வாசலில் மனுவோடு வருகிற ஜனங்களுக்குக் குறைவிருக்கவில்லை. 2014 டிசம்பரில் காலமாகும் வரை அது அப்படியே நடந்தது. அவருடைய அரசியல் நமக்கு எல்லோருக்கும் சம்மதமாக இருந்திருக்க வேண்டியதில்லை. சந்தேகம் கேட்க ஏழைக்கும் ஒரு வாசல் வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னதன் பலன் இன்று வஞ்சியூரில் இருக்கிறது. கிழக்கே கோட்டையிலிருந்து ஆட்டோவில் போய்விடும் தூரம்தான். கோர்ட் வளாகத்தில் ஜில்லா சட்ட சேவை அதாரிட்டி இருக்கிறது. 1987-ம் வருஷச் சட்டத்தின் 12-ம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மாதம் ஐம்பதாயிரம் பென்ஷன் வாங்கும் மாமியும் இலவச சட்ட உதவி கேட்கலாம்! போக முடியாதவர்கள் 15100 என்ற நம்பருக்கு ஃபோன் செய்யலாம். கரண்ட் பில், தண்ணீர், தபால், இன்ஷூரன்ஸ் போன்ற தகராறுகளுக்கு நிரந்தர லோக் அதாலத் தனியாக உண்டு, அங்கே கோர்ட் ஃபீஸ் இல்லை.

மூத்த குடிமக்கள் சட்டம் வந்தபோது, ட்ரிப்யூனலில் வக்கீலே வரக்கூடாது என்று 17-ம் பிரிவில் எழுதி வைத்திருந்தார்கள். 2021-ல் கேரள ஹைகோர்ட் அந்தத் தடை செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆகவே ஆர்.டி.ஓ. முன்பும் வக்கீலை அழைத்துப் போகலாம்.

இதோ, வக்கீல் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வேண்டுகோள். மாட்டுப்பெண் என்ன சொன்னாள், அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் ஆதாரத்தின் நகலையும், கரம் தீர்த்த ரசீதையும், இறப்புச் சான்றிதழ் இருந்தால் அதையும் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது அடுத்த வாரம் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்குப் போவதாக நாள் குறித்திருந்தால் அவர் முதலில் வரட்டும். மற்றவர்கள் அவருக்கு வழி விடுங்கள்.