முன்கண்ணாடியில் விரிசல், உள்ளே மழைநீர்: காப்பீடு எதற்குப் பணம் தரும்?

காரின் முன்கண்ணாடியில் விரிசல் விட்டு, மழையில் உள்ளேயும் தண்ணீர் சொட்டினால் இரண்டும் ஒரே கோளாறு என்றே தோன்றும். காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் அவை பெரும்பாலும் இரண்டு. கல் பட்டு வந்த விரிசல் விபத்து; அதற்குப் பணம் உண்டு. சீலன்ட் காய்ந்ததாலோ விளிம்பு துருப்பிடித்ததாலோ வந்த கசிவு தேய்மானம். அதற்குப் பணம் கிடையாது. ஆகவே, கிளைம் கேட்பதற்கு முன் எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெங்களூரின் ஈஜிபுராவில் இந்த இரண்டுக்கும் வாய்ப்பு அதிகம். அங்கிருந்து கோரமங்கலா வழியாகக் கேந்திரீய சதன் வரை சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளும் மேம்பாலத்தின் வேலை 2017-இல் தொடங்கியது. 2022-இல் ஒப்பந்தம் ரத்தானது. பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கட்டுமானம் நடக்கும் சாலையில் ஜல்லி சிதறிக் கிடக்கும். முன்னால் போகும் லாரியின் டயரிலிருந்து தெறிக்கும் ஒரு கல் போதும், பின்னால் வரும் காரின் கண்ணாடி கீறிவிட. மழையோ ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு தொடங்கி அக்டோபர் வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஈஜிபுராவை ஒட்டிய எஸ்.டி. பெட் பகுதி பழைய ஏரிப்படுகையில் உருவானது. கனமழையில் தெருவிலேயே தண்ணீர் நிற்கும். அங்கே நிறுத்திய காரின் தரைவிரிப்பு நனைந்திருந்தால், தண்ணீர் மேலிருந்து வந்ததா, கதவுக்கு அடியிலிருந்து வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

முன்கண்ணாடி ஒரே தகடு அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் ஏடு வைத்து அழுத்திச் செய்தது. உடைந்தாலும் சில்லுகள் சிதறாமல் அந்த ஏடு பிடித்துக்கொள்ளும். கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடுதான் கீறும். நடு ஏடு முழுதாக இருக்கும்வரை விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வராது. அப்படியும் சொட்டுகிறதென்றால், வழி அநேகமாக விளிம்பில் இருக்கிறது.

இன்றைய கார்களில் கண்ணாடியை உடற்கூட்டின் விளிம்போடு ஒட்டுவது பாலியூரித்தேன் சீலன்ட். அம்பாசடர், பத்மினி போன்ற பழைய கார்களில் அந்த வேலையை ரப்பர் பட்டை செய்தது. சீலன்ட் விட்டுப்போவதற்குக் காரணங்கள் பல. முன்பு கண்ணாடி மாற்றியபோது சரியாகப் பூசாமல் விட்டிருக்கலாம். அடியிலுள்ள இரும்பு துருப்பிடித்திருக்கலாம். விபத்தின் அதிர்ச்சியில் ஒட்டு பிளந்திருக்கலாம். வைப்பருக்குக் கீழே உள்ள வடிகால் மரத்தின் இலைச் சருகால் அடைபட்டாலும், சன்ரூஃப் குழாய் அடைபட்டாலும், தண்ணீர் டேஷ்போர்டுக்கு அடியில் இறங்கும். அப்போது கண்ணாடியை மாற்றினாலும் பயன் இராது. சோதிக்கும் முறை எளிது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்க, மற்றவர் ரப்பர் குழாயால் கீழ்விளிம்பிலிருந்து மேலே சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டுக்கொண்டு போவார். எந்த இடம் நனையும்போது உள்ளே கசிகிறதோ அதுவே ஓட்டை.

விரிசலுக்காகக் கண்ணாடியை மாற்றும்போது புது சீலன்ட் போட்டே ஒட்டுவதால், சீலன்டால் வந்த கசிவும் கூடவே தீர்ந்துவிடும். ஆனால் விளிம்பு துருப்பிடித்திருந்தால், துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்காமல் ஒட்டும் நிற்காது. அந்தச் செலவு உரிமையாளருடையது. புதிதாகப் போட்ட கண்ணாடி கசிந்தால் அது வேலைக் குறை. ஒர்க்‌ஷாப்பே சரிசெய்து தர வேண்டும்.

அடுத்தது பாலிசி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும். அதில் சொந்தக் காரின் கண்ணாடிக்கு ஒரு ரூபாயும் வராது. 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். சொந்தச் சேதக் காப்பீடு பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். மூன்றாண்டு பாலிசி கையில் இருக்கிறதே என்று அதைப் புதுப்பிக்க மறந்தவர்கள் உண்டு. காலாவதியான பின் புதுப்பிக்க நிறுவனம் காரைச் சோதிக்கும்போது ஏற்கெனவே இருக்கும் விரிசலைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பொறுப்பேற்க மறுத்துவிடும்.

சொந்தச் சேதப் பாலிசியில் கண்ணாடிக்குத் தனிச் சலுகை உண்டு. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கும் பொது விதி, கண்ணாடிக்கு எதுவும் கழிப்பதில்லை. கட்டாயக் கழிவாக 1,500 சி.சி. வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாயும் உரிமையாளர் ஏற்க வேண்டும். சீலன்ட், கிளிப் போன்ற நுகர்பொருள்களுக்குத் தனிக் கூடுதல் காப்பு இல்லாவிட்டால் பல நிறுவனங்கள் தருவதில்லை.

கிளைம் வாங்கினால் நோ கிளைம் போனஸ் போய்விடும். ஓராண்டு கிளைம் இல்லாவிட்டால் சொந்தச் சேத பிரீமியத்தில் 20 சதவீதத் தள்ளுபடி. பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50 என்று அது ஏறும். ஒரு கணக்கு: கண்ணாடி விலை 8,000 ரூபாய், கையில் வருவது 7,000. தள்ளுபடிக்கு முந்தைய சொந்தச் சேத பிரீமியம் 8,000. 50 சதவீதத் தள்ளுபடியில் உரிமையாளர் கட்டி வந்தது 4,000. கிளைமுக்குப் பிறகு முதல் ஆண்டு 4,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அடுத்தடுத்து 2,400, 2,000, 1,200, 400. பிரீமியம் மாறாதிருந்தால் ஐந்தாண்டில் மொத்தம் 10,000 ரூபாய். வந்த 7,000-ஐவிட இழப்பு அதிகம். போனஸ் உச்சத்தில் இருந்து கண்ணாடி விலை குறைவென்றால் கைக்காசு லாபம். கேமரா, மழை உணரி பொருத்திய விலையுயர்ந்த கண்ணாடிக்கும், போனஸ் சேராத புதுக் காருக்கும் கிளைம் லாபம். போனஸ் பாதுகாப்புக் கூடுதல் காப்பு இருந்தால் அதன் நிபந்தனைகளைப் படித்து முடிவெடுக்கலாம். ஓட்டுநரின் பார்வைக்கு நேராகவோ விளிம்பிலோ இல்லாத சின்னப் புள்ளிக் கீறலை ரெசின் செலுத்தியே அடைக்கலாம். தண்ணீரும் தூசியும் புகுவதற்குள் செய்ய வேண்டும்.

கிளைம் என்று முடிவானால், முதலில் நாளோடு புகைப்படம் எடுத்து நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். சர்வே முடியும்வரை கண்ணாடியைக் கழற்றக் கூடாது. அதுவரை விரிசல்மேல் டேப் ஒட்டி, கூரைக்கடியில் நிறுத்துவது நல்லது. சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசியின் நிபந்தனை. சேதம் 50,000 ரூபாயை எட்டினால் உரிமம் பெற்ற சர்வேயர் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே வீடியோ பார்த்தே முடிக்கிறார்கள். ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், பாலிசி நகல் தேவை. பழைய கசிவை விபத்தென்று எழுதிக் கொடுத்தால் முழுக் கிளைமும் நிராகரிக்கப்படலாம்.

புதுக் கண்ணாடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீலன்ட் உறையும் நேரத்தை ஒர்க்‌ஷாப் சொல்லும். அதற்குள் காரை ஓட்டுவதும் கதவை அடித்துச் சாத்துவதும் ஆகாது. கேமரா உள்ள கார்களில் அதைத் திரும்ப அளவமைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே வண்டியை வாங்க வேண்டும். பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேகும் போய்விடும். வழங்கிய வங்கியிடம் மாற்று வாங்கலாம்.

நிறுவனம் கிளைமை மறுத்தால் முதலில் அதன் குறைதீர் அதிகாரியிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணிலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, பெங்களூர் ஜே.பி. நகர் ஜீவன் சௌதா கட்டடத்திலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கு ஓராண்டுக்குள் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை.